காரட் பாத்தியில் களைக்கொல்லி: நேட்டால் கரையோரத் தோட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் வெருலம் பக்கத்தில் காரட் விதைத்தால், நூல் போன்ற இரண்டு இலைகள் மண்ணுக்கு மேலே தெரியப் பத்து நாளாவது ஆகும். குளிர் முந்திக்கொண்டால் மூன்று வாரம்கூட ஆகும். குப்பைக்கீரையோ நான்கைந்து நாளிலேயே தலை காட்டிவிடும். காரட் இரண்டாவது இலை விடுவதற்குள் அது ஒரு சாண் உயர்ந்து நிழல் போட்டிருக்கும். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு போன்றவை இலையை விரித்துக் களையைத் தாமே அடக்கிக்கொள்ளும். காரட்டுக்கு அந்த வலிமை கடைசிவரை வருவதில்லை. முளைத்த முதல் ஐந்தாறு வாரம் பாத்தி சுத்தமாக இருந்தால் கிழங்கு திரளும். அந்த நாள்களைத் தவறவிட்டால், பிறகு எவ்வளவு களையெடுத்தாலும் விரல் பருமன் கிழங்குதான் கிடைக்கும்.

எங்கள் தாத்தா காலத்தில் இதற்குக் குடும்பமே பாத்தியில் உட்கார்ந்தது. கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தம் முடித்தவர்களின் பிள்ளைகள், உம்கேனி ஆற்றங்கரையிலும் கிளேர்வுட்டிலும் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டவர்கள், காரட்டைக் கையாலேயே களையெடுத்தார்கள். இன்று அத்தனை கை யாரிடமும் இல்லை. அதனால் களைக்கொல்லி வேண்டியிருக்கிறது. ஆனால் அதை முறையாகப் பயன்படுத்துகிறவர்களைவிட, அவசரத்தில் கடைக்குப் போய், கைக்குக் கிடைத்த டப்பாவை வாங்கி வந்து பயிரையே கருக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காரட்டில் களைக்கொல்லி வேலையின் பெரும்பகுதி விதைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் களையின் பெயர்

சென்ற ஆண்டு அந்த நிலத்தில் எது முளைத்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு ஒரு மூலையில் மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்தில் அந்த நிலத்தின் களைப் பட்டியல் அங்கே முளைத்து நிற்கும்.

நம் கரையோரத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இவை. குப்பைக்கீரையும் அதன் இனத்தாரும். சூலு மக்கள் இதை இம்புயா என்பார்கள். பருப்புக்கீரை, கொத்திப் போட்டாலும் ஈரமண்ணில் கிடந்த இடத்திலேயே வேர் விட்டுவிடும். துணியில் கருப்பு ஊசியாக ஒட்டிக்கொள்ளும் பிளாக்ஜாக், அதாவது உகடோலோ. சின்ன மஞ்சள் பூவும் சுற்றிலும் ஐந்து வெள்ளை இதழும் கொண்ட கலின்சோகா. புல்லினத்தில் தேப்பராகிப் புல், விரல்போல் கதிர் விடும் டிஜிடேரியா, அருகம்புல். கடைசியாகக் கோரை.

இந்தப் பட்டியலை மூன்று கட்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அகன்ற இலை, புல், கோரை. ஒரு கட்டைக் கொல்லும் மருந்து பல சமயம் மற்றொன்றைத் தொடாது. கோரையைப் புல் என்று நினைத்துப் புல் மருந்து தெளிப்பது நம் பக்கத்தில் மிகவும் சாதாரணமான தவறு. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டினால் அது கோரை. உருண்டையாகவோ தட்டையாகவோ இருந்தால் புல்.

நிலத்தின் பழைய கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போய் நான் ஒரு பருவத்தையே இழந்தேன். டோங்காட் அருகே கரும்பு எடுத்த நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தோம். அருமையான சிவப்பு மண். காரட் ஒழுங்காக முளைத்தது. இரண்டாம் வாரம் விதையிலைகளின் ஓரம் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, மூன்றாம் வாரம் பாத்தி வெறுமையாகிவிட்டது. பூச்சியென்றும் வேரழுகல் என்றும் பல பேர் பல காரணம் சொன்னார்கள். அங்கே கரும்புக்குப் போட்ட களைக்கொல்லி மண்ணில் மிச்சம் இருந்ததுதான் காரணம்.

கரும்பில் பயன்படும் டையூரான், ஹெக்சாசினோன், இமாசாபிர் போன்றவையும், சோளத்தில் பயன்படும் அட்ராசினும் மண்ணில் நெடுநாள் தங்கும். சிலவற்றுக்குக் காய்கறி போடும் முன் ஓர் ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி மருந்தின் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே நிலம் பிடிக்கும்போது வாடகையைப் பேசும் முன், கடைசி இரண்டு ஆண்டுகளில் என்ன தெளித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பதில் தெளிவாக இல்லையென்றால் தொட்டிச் சோதனை செய்யலாம். நிலத்தில் ஆறேழு இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து நான்கு தொட்டிகளில் நிரப்புங்கள். ஒருபோதும் மருந்து படாத வேலியோர மண்ணை இன்னும் நான்கு தொட்டிகளில் நிரப்புங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் காரட்டும் கொஞ்சம் லெட்டூஸும் விதைத்து, ஒரே மாதிரி தண்ணீர் விட்டு, முளைத்த பின் மூன்று வாரம் பாருங்கள். இரண்டு வரிசையும் ஒன்றுபோல் வளர்ந்தால் துணிந்து விதைக்கலாம். நில மண்ணில் மட்டும் இலையோரம் வெளுத்தாலோ, குருத்து மஞ்சளாகி நின்றுபோனாலோ அந்த ஆண்டு அங்கே காரட் வேண்டாம்.

களையை முன்பே முளைக்க விடுதல்

என் தோட்டத்தில் ஒரே ஒரு முறையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே பாத்தியை முழுமையாக அமைத்துவிடுங்கள். உரம், சமப்படுத்துதல், மேல்மண்ணைப் பொடியாக்குதல் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பிறகு காரட் விதைத்தது போலவே நினைத்துத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மேல் இரண்டு அங்குலத்தில் உள்ள களைவிதைகளில் பெரும்பங்கு முளைத்து வரும். அவை இரண்டு நான்கு இலை விட்ட பருவத்தில் கிளைஃபோசேட் தெளித்துக் கொன்றுவிடலாம்.

கிளைஃபோசேட் இலை வழியே மட்டும் போகும். மண்ணில் விழுந்தால் மண்ணோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். அதனால்தான் பின்னால் காரட் விதைக்க முடிகிறது. அதே காரணத்தால், கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் கலந்தால் தொட்டியிலேயே அதன் வேகம் போய்விடும். தெளிந்த தண்ணீர்தான் வேண்டும்.

களை செத்த பிறகு பாத்தியை மறுபடி கிளறக் கூடாது. கிளறினால் அடியில் உறங்கும் புது விதைகள் மேலே வந்து, மூன்று வார உழைப்பும் வீணாகும். கோடு மட்டும் கீறி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து மூடுங்கள்.

விதைத்த பின்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பாத்தியின் ஓரத்தில் ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியை மண்மீது படுக்க வையுங்கள். கண்ணாடிக்கு அடியில் மண் சூடேறி, அங்கே காரட் மற்ற இடங்களைவிட இரண்டு மூன்று நாள் முந்தி முளைக்கும். அங்கே முளை தெரிந்த அன்று, வெளியே காரட் இன்னும் மண்ணுக்குள் இருக்கும்; களை வெளியே நிற்கும். அந்த ஒரு நாளில் எரிவாயுச் சுடரைப் பாத்திமேல் வேகமாக ஓட்டிச் சின்னக் களைகளை வாட்டிவிடலாம், அல்லது லேபிள் அனுமதித்தால் கிளைஃபோசேட் தெளிக்கலாம். தெளிக்கும் முன் நாலைந்து இடத்தில் மண்ணை விரலால் நீக்கிப் பாருங்கள். காரட்டின் வளைந்த கழுத்து மண்ணுக்கு வெளியே வந்திருந்தால் விட்டுவிடுங்கள், நேரம் கடந்துவிட்டது.

இந்த வேலைக்குப் பாராகுவாட்டைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தோட்டத்துக்குள் விட்டதில்லை. ஒரு மிடறு போதும் உயிரைக் குடிக்க. அதற்கு முறிமருந்து கிடையாது. பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டுக் கொட்டகையில் அதை வைக்க மனம் வருவதில்லை.

தெளிப்பானை அளவெடுங்கள்

முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தெளிப்பானுக்குக் கூம்பு முனையைக் கழற்றிவிட்டுத் தட்டை விசிறி முனை போடுங்கள். கூம்பு முனை பூச்சி மருந்துக்கு உரியது. முனை மண்ணிலிருந்து முழங்கால் உயரத்தில், ஏறத்தாழ 50 சென்டிமீட்டரில், கடைசிவரை ஆடாமல் போக வேண்டும்.

பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் அளந்து குச்சி நடுங்கள். தொட்டியில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமான நடையில் அந்தச் சதுரம் முழுவதும் தெளியுங்கள். மிச்சத்தை அளந்தால் செலவான தண்ணீர் தெரியும். 2 லிட்டர் செலவாகியிருந்தால், ஹெக்டேருக்கு 200 லிட்டர் என்பது உங்கள் நடையின் கணக்கு. அப்படியானால் 16 லிட்டர் தொட்டி 800 சதுர மீட்டருக்கு வரும். லேபிள் ஹெக்டேருக்கு 2 லிட்டர் மருந்து என்று சொன்னால், ஒரு தொட்டிக்கு 160 மில்லி. லேபிள் சொல்லும் அளவு மாறினால் அதே விகிதத்தில் இந்த 160-ஐ மாற்றிக்கொள்ளுங்கள். மூடியால் அளந்து ஊற்றுவது, ஒரு கை கூடுதலாக விடுவது எல்லாம் காரட்டில் செல்லாது. தெளிக்கும் ஆள் மாறினால் நடையும் மாறும். அவரை வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

விதைத்த பின், முளைக்கும் முன்

லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள். உரம், வேளாண் மருந்துகளுக்கான 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவு எண், ஆங்கில எல் (L) எழுத்தில் தொடங்குவது. பயிர்ப் பட்டியலில் காரட் என்ற சொல். மண்ணின் களிமண் விழுக்காட்டைப் பொறுத்த அளவு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் போட்டு நன்றாக வந்தது என்பது பதிவு ஆகாது.

களிமண் விழுக்காடு ஏன் முக்கியம்? டர்பனைச் சுற்றியுள்ள பெரியா சிவப்பு மணலில் களியும் மட்கும் குறைவு. மருந்தைப் பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பெருமழையில் அது விதை இருக்கும் ஆழத்துக்கு இறங்கிவிடும். கனத்த கரு மண்ணுக்கான அளவை அந்த மணலில் போட்டால் களையோடு காரட்டும் போகும். மாநில வேளாண் துறையின் சீடாரா ஆய்வுக்கூடத்துக்கு மண் மாதிரி அனுப்பிப் பாருங்கள். உரத்துக்காக எப்படியும் அனுப்ப வேண்டியதுதானே.

இந்தக் கட்டத்தில் பேர்போனது பெண்டிமெத்தாலின். முளைக்கும் களையின் வேரிலும் குருத்திலும் செல்கள் பிரிவதைத் தடுக்கும். புல்லினத்தையும், குப்பைக்கீரை, பருப்புக்கீரை போன்ற சிறுவிதைக் களைகளையும் நன்றாகப் பிடிக்கும். கலின்சோகாவையும் அதன் சூரியகாந்திக் குடும்பத்தாரையும் பெரும்பாலும் விட்டுவிடும். பெண்டிமெத்தாலினை மட்டும் ஆண்டுதோறும் போட்ட தோட்டங்களில் கலின்சோகா வெள்ளைக் கம்பளம்போல் பரவுவதற்குக் காரணம் இதுதான். மருந்து கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

விதைத்த இரண்டு நாளுக்குள், ஈரமான, கட்டியில்லாத மண்மேல் தெளிக்க வேண்டும். பிறகு 10 முதல் 15 மில்லிமீட்டர் தண்ணீர், தூவலாக. தண்ணீர் இல்லாவிட்டால் மருந்து மேலேயே கிடந்து வெயிலிலும் காற்றிலும் போய்விடும். அதிகமானால் கீழே இறங்கிவிடும். அதன்பின் மண்ணைக் கிளறாதீர்கள். மருந்து மேலே ஒரு மெல்லிய போர்வையாக இருக்கிறது, கிளறிய இடத்தில் அது கிழியும்.

கலின்சோகா உள்ள இடத்தில் உலகமெங்கும் காரட்காரர்கள் நம்பியது லினுரான். காரட் அதை உள்ளே வாங்கினாலும் வேகமாகச் சிதைத்துவிடும்; அந்தத் திறமை இல்லாத களை ஒளிச்சேர்க்கை நின்று சாகும். முளைக்கும் முன்பும் பின்பும் பயன்பட்ட அரிய மருந்து அது. ஆனால் கரு வளர்ச்சிக்கும் ஹார்மோனுக்கும் கேடு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அப்படிப்பட்ட கேடுடைய மூலப்பொருள்களை விலக்கும் பாதையில் தென்னாப்பிரிக்காவும் இறங்கியிருக்கிறது. ஆகவே பழைய டப்பா கொட்டகையில் இருக்கிறது என்பதற்காக எடுத்துப் போடாதீர்கள். இன்றைய பதிவு என்ன என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கர்ப்பிணிகள் அந்த மருந்தின் அருகிலேயே வரக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாநிலக் காரட் வயல்களில் லினுரானுக்குச் சாகாத குப்பைக்கீரை இனக் களைகள் தோன்றிவிட்டன. ஒரே மருந்தை ஒவ்வோர் ஆண்டும் போட்ட விளைவு. லினுரான், புரோமெட்ரின், மெட்ரிபூசின் மூன்றும் பெயரில் வேறாக இருந்தாலும், களையைத் தாக்கும் இடம் ஒன்றுதான். லேபிளில் அந்தத் தாக்கும் இடத்தைக் குறிக்கும் குழு எண்ணைப் பார்த்தே மாற்றி மாற்றிப் போடுங்கள்.

முளைத்த பின்

புல்லுக்கு இது எளிது. ஃபுளுவாசிஃபாப், ஹாலோக்சிஃபாப், கிளெத்தோடிம் போன்றவை புல்லினத்தை மட்டும் கொல்லும். காரட் மேலே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. புல் இரண்டிலிருந்து நான்கு இலை விட்டு, நல்ல ஈரத்தில் துடிப்பாக வளரும்போது தெளியுங்கள். வாடிய புல் மருந்தை உறிஞ்சாது. ஒரு வாரம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். அப்போது நடுக்குருத்தைப் பிடித்து இழுங்கள். அடி பழுப்பேறிச் சுலபமாகக் கழன்று வந்தால் வேலை முடிந்தது, பொறுத்திருங்கள். அகன்ற இலை மருந்தோடு இதை ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம். பல சமயம் புல் பிழைத்துக்கொள்ளும்.

அகன்ற இலைக் களைக்குப் பயிர்மேல் தெளிப்பது நிதானம் தேவைப்படும் வேலை. காரட் எத்தனை மெய்யிலை விட்டிருக்க வேண்டும் என்று லேபிள் சொல்லும். லினுரானைவிட மெட்ரிபூசினுக்குக் காரட் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். விதையிலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். களையோ சுண்டுவிரல் உயரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. காரட் இலையின் மெழுகுப் பூச்சும் அதற்கு ஒரு கவசம். நீண்ட மழையோ மணற்காற்றோ அதைத் தேய்த்திருக்கும். இரண்டு மூன்று வெயில் நாள் விட்டுத்தான் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் வேண்டாம், பனி ஈரத்திலும் வேண்டாம். ஒட்டும் எண்ணெய் எதையும் உங்கள் யோசனையில் சேர்க்காதீர்கள்.

கோரை

காரட் நிற்கும்போது கோரையைத் தீர்க்கும் மருந்து என்னிடம் இல்லை. கரும்பிலும் சோளத்திலும் கோரைக்குப் போடும் ஹாலோசல்ஃபுரானைக் காரட் தாங்காது. கோரை நிறைந்த நிலத்தில் காரட் போடாமல், கோடை முழுவதும் தரிசாக விட்டு, கோரை பூக்கும் முன் துடிப்பான இலையில் கிளைஃபோசேட் தெளித்து, மறுபடி துளிர்த்தால் மறுபடி தெளிக்க வேண்டும். நடுவில் உழாதீர்கள். கோரைக்கிழங்குகள் மணிமாலைபோல் கோத்திருக்கும். மாலையில் முதல் கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை உறங்கும். கலப்பை அந்த மாலையை அறுத்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும்.

பக்கத்து வயலின் காற்று

நாம் கரும்புக் கடலுக்கு நடுவே காய்கறி போடுகிறவர்கள். 2,4-டி போன்ற ஹார்மோன் களைக்கொல்லிகளின் ஆவியும் தூறலும் எவ்வளவு தூரம் போகும் என்பதில் நேட்டாலுக்குக் கசப்பான வரலாறு உண்டு. டாலா பள்ளத்தாக்கின் காய்கறி விவசாயிகள் அவற்றின் உற்பத்தியையே நிறுத்தக் கோரி நீதிமன்றம் போனார்கள். 1990-இல் வெளியான தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. காரட்டில் இலைத்தண்டு முறுக்கிக்கொள்வது அந்த மருந்து பட்டதன் அடையாளம். தக்காளியும் லெட்டூஸும் இன்னும் முன்பே காட்டிக்கொடுக்கும். ஆகவே வேலியோரம் நாலு தக்காளிச் செடி வையுங்கள்.

நம் மருந்தும் அயலார் பயிருக்குப் போகக் கூடாது. இலை மெல்ல அசையும் இளங்காற்றில் தெளியுங்கள். காற்றே இல்லாத விடியற்காலை பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த காற்று தரையோடு படுத்து, மருந்துத் துளியை அப்படியே சுமந்து நகரும். ஹார்மோன் மருந்து ஒருமுறை ஊற்றிய தெளிப்பானைக் காரட் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். அதற்கென்று தனித் தெளிப்பான் வைத்துச் சிவப்புச் சாயம் பூசுங்கள்.

கீரை பறிக்க வருகிறவர்கள்

இதை எந்த லேபிளும் நமக்காக எழுதாது. குப்பைக்கீரையும் பருப்புக்கீரையும் நமக்குக் களை மட்டும் அல்ல. ஆயா களையெடுத்து முடித்ததும் முந்தானையில் ஒரு கட்டு கீரை இருக்கும். அன்று இரவு பருப்போடு அதுதான் குழம்பு. எங்களோடு வேலை செய்யும் சூலு அம்மாக்களும் அதே கீரையை இமிஃபினோ என்று வீட்டுக்குக் கொண்டு போவார்கள். தெளித்த பாத்தியில் கீரை இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும். பார்த்தால் தெரியாது. அதனால் தெளிக்கும் முன்பு, அன்று வேலையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லுங்கள்; தமிழிலும் சூலுவிலும். நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். கீரைக்கென்று மருந்து படாத ஒரு பாத்தியை ஒதுக்கிவிடுங்கள், அப்போது யாரும் ஆசைப்பட்டு எல்லை தாண்ட மாட்டார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

டப்பாவின் லேபிளில் அடியில் உள்ள நிறப் பட்டை நஞ்சின் அளவைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றாலும் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் உண்டு. கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அப்போது கையில் இருப்பது நீர்க்காத மருந்து. காலியான டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் பிடிக்க யாரும் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே லேபிள் சொல்லும் நாள்களை நோட்டில் குறித்து, அதற்கு முன் ஒரு கட்டுக் காரட்டைக்கூட சந்தைக்கு ஏற்றாதீர்கள்.

நாற்பதாம் நாள் வாக்கில் மருந்து வேலை நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு தப்பி நிற்கும் களையைக் கையால் பிடுங்குங்கள். பூ விட்டிருந்தால் பாத்தியிலேயே போடாமல் சாக்கில் கட்டி வெளியே கொண்டு போங்கள். ஒரு குப்பைக்கீரைச் செடி பல்லாயிரம் விதை கொட்டும். அடுத்த மார்ச்சில் அந்த மூலையைக் கிளறித் தண்ணீர் விடும்போது அவைதான் முளைத்து நிற்கும்.